மிச்சம் வைக்கக் கூடாத நோய்

இல்லமும் நலமும்



சென்ற இதழில் பனிக்கால இருமலைப் பற்றி எழுதியிருந்தேன். சித்தரத்தை, திப்பிலி, பனங்கற்கண்டு என்று கை வைத்தியம் சொல்லிவிட்டு, கடைசியில் “இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், சளியைப் பரிசோதித்துவிடுங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன!

அதில் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “என் நாத்தனாருக்கு டி.பி. என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்று, முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிடுகிறாள். இன்னும் நான்கு மாதம் எதற்கு அந்த மாத்திரைகள்? உடம்புக்குச் சூடுதானே? நிறுத்திவிடலாமா?”

கூடாது, சகோதரி. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. பதில் இவ்வளவுதான். ஆனால் “ஏன்?” என்று தெரியாமல் யாரும் நான்கு மாதம் மாத்திரை விழுங்க மாட்டார்கள். ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கடனிலும் நெருப்பிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வரிசையில் மூன்றாவதாகக் காச நோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோம்பேறிக் கிருமி

காச நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற டாக்டர் 1882 மார்ச் 24ஆம் தேதி அறிவித்தார். அதனால்தான் இன்றும் மார்ச் 24ஐ உலகக் காச நோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்னால் இது பரம்பரை நோய், பாவத்தின் பலன் என்றெல்லாம் நம்பினார்கள். நம் ஊர்களில் இன்னும் சில பேர் அப்படித்தான் நம்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கிருமிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்குகிற சில கிருமிகள் இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காச நோய்க் கிருமி இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். மேலே மெழுகு பூசியது போல் கனத்த தோல். அது மட்டுமல்ல, ஒரு கூட்டம் சுறுசுறுப்பாகப் பெருகிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கூட்டம் நுரையீரலின் மூலைகளில் பேசாமல் படுத்துத் தூங்கும். மருந்து, விழித்திருக்கிற கிருமியைத்தான் சுலபமாகக் கொல்கிறது. தூங்குகிறது எழுந்திருக்கும்வரை மருந்து உடம்பில் காத்திருக்க வேண்டும்.

இப்போது புரிகிறதா? முதல் இரண்டு மாதத்தில் பெருவாரியான கிருமிகள் செத்துவிடுகின்றன. இருமல் நிற்கிறது, காய்ச்சல் விடுகிறது, பசி எடுக்கிறது. “நல்லாயிட்டேன்” என்று தோன்றுகிறது. மீதி நான்கு மாதமும் அந்தத் தூங்குமூஞ்சிகளுக்காக! தோட்டத்தில் கோரைப் புல்லை மேலோடு அறுத்துவிட்டால் தரை சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதே!

ஒரு பூட்டா, நான்கு பூட்டா?

கிருமி திரும்ப வருவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, மருந்துக்கே அடங்காத கிருமியாகத் திரும்ப வருவது. இது எப்படி நடக்கிறது?

வீட்டுக்கு ஒரே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறீர்கள். பத்து லட்சம் திருடர்களில் ஒருவனிடம் அந்தப் பூட்டுக்குச் சரியான சாவி தற்செயலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சத்தில் ஒருவன்தானே என்று தூங்கப் போகலாமா? வாசலில் நிற்பது பத்துக் கோடிப் பேராக இருந்தால் அதில் நூறு பேரிடம் சாவி இருக்கும்!

காச நோயில் நுரையீரலில் பொத்தல் விழுந்திருந்தால் அதற்குள் பத்துக் கோடிக்குக் குறையாமல் கிருமிகள் இருக்கலாம். ஐசோனியாசிட் என்ற மருந்துக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்காதது ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று. இவை மருந்து சாப்பிட்டதால் உண்டானவை அல்ல. கிருமி பெருகும்போது தானாகவே தவறிப் பிறப்பவை. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் சாகும், சாவி வைத்திருக்கிற நூறும் பிழைக்கும். இடம் காலி, போட்டியும் இல்லை. அந்த நூறின் வாரிசுகள்தான் கொஞ்ச நாளில் நுரையீரல் முழுக்க நிறையும்.

இரண்டு பூட்டையும் சேர்த்துப் போட்டால்? இரண்டு சாவியும் ஒருவனிடமே இருக்க வேண்டும். பத்து லட்சத்தைப் பத்துக் கோடியால் பெருக்கிப் பாருங்கள். கோடி கோடியில் ஒன்று! அத்தனை கிருமி எந்த மனிதர் உடம்பிலும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்று சேர்த்தே கொடுக்கிறார்கள். தினமும், எடைக்குத் தகுந்த அளவில், ஒரே மாத்திரையில் கலந்தே வருகிறது. “இதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பது, நான்கு பூட்டில் மூன்றைக் கழற்றலாமா என்று கேட்பது போல. இன்றைக்குப் போட்டு, நாளைக்கு மறந்து, ஒரு வாரம் விட்டு, மறுபடி போட்டு என்று செய்தாலும் இதே கதிதான். அரைகுறை மருந்து பலவீனமான கிருமியைக் கொன்று, முரடனை வளர்த்துவிடும்.

ஐந்து வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள்

இது வெறும் கணக்கு இல்லை. உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம்.

காச நோய்க்கு முதல் உருப்படியான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவருடைய ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தார். பிரிட்டனில் 107 நோயாளிகளை இரு பிரிவாக்கி, 55 பேருக்கு அந்த ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு வெறும் ஓய்வும் கொடுத்துப் பார்த்தார்கள். 1948இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர்தான் இறந்திருந்தார்கள். ஊசி போடாதவர்களில் 14 பேர். உலகமே கொண்டாடியது.

ஆனால் ஐந்து வருஷம் கழித்து எண்ணியபோது, ஊசி போட்ட 55 பேரில் 32 பேர் இறந்துபோயிருந்தார்கள். போடாத 52 பேரில் 35 பேர். பெரிய வித்தியாசமே இல்லை! முதலில் பயந்து ஓடிய கிருமி, ஒரே மருந்து என்பதால் சில மாதங்களிலேயே அதற்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ‘பாஸ்’ என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, கிருமி முரடாவதைத் தடுக்கலாம் என்று கண்டார்கள். 1952இல் ஐசோனியாசிட்டும் வந்து சேர்ந்தது.

நம் புதுமைப்பித்தன் காச நோயில் கண்ணை மூடியதும் அதே 1948இல்தான். நாற்பத்திரண்டு வயது. மருந்து உலகத்தில் பிறந்துவிட்டது, ஆனால் எல்லோருக்கும் எட்டவில்லை. இன்று நமக்கு எட்டுகிற தூரத்தில், அதுவும் இலவசமாக இருக்கிறது. அதைப் பாதியில் விடுகிறோம்.

சேத்துப்பட்டு தந்த பாடம்

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம்தான். மதனப்பள்ளி பக்கத்தில் ஆரோக்கியவரம் 1915இலும், சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் 1928இலும் தொடங்கப்பட்டன. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிறுத்தத்துக்கே ‘சானடோரியம்’ என்றுதானே பெயர்! நல்ல காற்று, பால், முட்டை, படுக்கை ஓய்வு. ஆனால் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குக் கட்டில் எங்கே இருந்தது?

1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். (எங்கள் போளூர்க்காரர்களுக்குச் சேத்துப்பட்டு என்றதும் பக்கத்தில் இருக்கிற ஊர்தான் ஞாபகம் வரும். இது சென்னைச் சேத்துப்பட்டு.) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமை தாங்கினார்.

அவர்கள் செய்தது துணிச்சலான காரியம். நகரத்தில் நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்போடு. இன்னொரு பிரிவு அவரவர் வீட்டிலேயே, அதே கஞ்சி, அதே கும்பல், வேலையையும் முழுக்க விட முடியாமல். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். முடிவில் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றியதா என்று ஐந்து வருஷம் கவனித்தார்கள். சானடோரியம் போனவர்களின் குடும்பத்தைவிட அதிகம் இல்லை.

உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடி, டி.பி.யை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று மாறியதற்குச் சென்னையின் அந்த ஏழைக் குடும்பங்கள்தான் முக்கிய காரணம். பொத்தல் கூரைக்குக் கீழேயும் மருந்து வேலை செய்தது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் வெளிப்பட்டது. நிலையத்துக்காரர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். வாங்கிப்போன மருந்தையெல்லாம் எல்லோரும் விழுங்கவில்லை! ‘பாஸ்’ மருந்து கை நிறைய விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டும். உடம்பு தேறியதும் விட்டுவிடத்தான் தோன்றும். ஐசோனியாசிட்டைத் தனியாகக் கொடுத்தும் அங்கேயே பார்த்தார்கள். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தவர்களைவிடக் குணமானவர்கள் குறைவு, மருந்துக்கு அடங்காத கிருமி அதிகம். “மருந்தைக் கொடுத்தால் போதாது, விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்” என்ற முறையும் அங்கேதான் வளர்ந்தது. பின்னால் உலகமெங்கும் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் வந்தது அதுவே. அந்த நிலையம் இன்று தேசியக் காச நோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே இடத்தில் இயங்குகிறது.

சகோதரிகளே, இதில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. வீட்டிலேயே வைத்தியம் என்று ஆனபோது, நர்ஸ் செய்த வேலை யார் தலையில் வந்து விழுந்தது? சொல்லவே வேண்டாம்!

அவளுக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பது?

வீட்டில் ஆண்பிள்ளைக்கு நோய் என்றால் மனைவியோ அம்மாவோ மணி பார்த்து மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைக்கிறாள். மனைவிக்கே வந்தால்?

எங்கள் பக்கம் பட்டுத் தறி ஓடுகிற வீடுகள் நிறைய. ஆரணிப் பட்டு என்று கடைகளில் நீங்கள் வாங்குகிற சேலைகளில் இந்தச் சுற்று வட்டாரத்துக் கைகளின் உழைப்பும் இருக்கிறது. குழித்தறியில் அவர் உட்கார்ந்தால், நூல் இழைப்பது, தார் சுற்றுவது, பாவுக்குக் கை கொடுப்பது எல்லாம் அவள் வேலை. சேலை முடிந்தால்தான் கூலி. அவள் ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் தறியும் பாதி நின்றுவிடும்.

அப்படி ஒரு வீட்டில் ஒரு மருமகள். பெயர் வேண்டாம், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் இருமல். முதலில் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஏதோ மாத்திரை, சிரப். கொஞ்சம் குறையும், மறுபடி வரும். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. பிறகு சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். மாமியாருக்குத் தெரிந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, விடியற்காலையில் யாரும் எழுந்திருக்குமுன் விழுங்கினாள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைப் பார்த்துப் பயந்தாள். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம்தான், கெடுதல் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் நாத்தனார் கல்யாணம். வீடு முழுக்க உறவு. ஒளிந்து விழுங்க இடமில்லை. “எனக்குத்தான் இருமலே இல்லையேக்கா, கல்யாணம் முடிஞ்சு சாப்பிடலாம்னு விட்டுட்டேன்” என்றாள் என்னிடம். கல்யாணம் முடிந்தது. மாத்திரை மறந்தே போயிற்று. எட்டு மாதத்தில் இருமலோடு ரத்தமும் வந்தது. இந்த முறை பரிசோதித்தபோது, முக்கிய மருந்துகள் இரண்டுக்கும் கிருமி அடங்கவில்லை. ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது, அந்தக் காலத்து முறைப்படி ஊசியும் மாத்திரையுமாக இருபது மாதத்துக்கு மேல் இழுத்தது. பிழைத்தாள். ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. அது ஊசியின் விளைவு.

அவள் அலட்சியக்காரி இல்லை. ஒளித்துச் சாப்பிட வேண்டிய மருந்தை யாராலும் ஒழுங்காகச் சாப்பிட முடியாது. அந்த வீட்டில் ஒருவர், ஒரே ஒருவர், “மாத்திரை போட்டுட்டியாம்மா?” என்று கேட்டிருந்தால் போதும்.

பழி நோயாளிமேல் மட்டும்தானா?

“பாதியில் விட்டுவிட்டார்கள், கிருமி முரடாகிவிட்டது” என்று நோயாளியைத் திட்டுவது சுலபம். உண்மை அதைவிட அகலமானது.

2012இல் மும்பை இந்துஜா ஆஸ்பத்திரி டாக்டர் ஸரீர் உத்வாடியாவும் அவருடைய குழுவினரும், சோதித்த மருந்து எதற்கும் அடங்காத காச நோய் என்று நான்கு பேரைப் பற்றி எழுதியபோது நாடே அதிர்ந்தது. அந்த நோயாளிகள் மருந்து சாப்பிடாதவர்கள் அல்ல. பெரும்பாலோர் டாக்டர் மாற்றி டாக்டர் போய், ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்த பொருந்தாத மருந்துகளைச் சாப்பிட்டவர்கள். அதே டாக்டர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாராவியில் 106 தனியார் வைத்தியர்களிடம் காச நோய்க்கு மருந்து எழுதச் சொன்னபோது 63 விதமாக எழுதினார்கள்!

மருந்து கையிருப்பு இல்லாமல் போவதும் உண்டு. 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் காச நோய் மாத்திரைக்குத் தட்டுப்பாடு வந்தது. நோயாளி ஒழுங்காக வந்து வெறுங்கையோடு திரும்பினால் அது அவள் குற்றமா? இன்னொன்று, முரட்டுக் கிருமி உள்ள ஒருவர் இருமினால், பக்கத்தில் இருப்பவருக்கு நேராக அந்த முரட்டுக் கிருமியே தொற்றும். ஒரு மாத்திரைகூடத் தவறவிடாதவருக்கும், முன்பின் டி.பி. மருந்தே சாப்பிடாத குழந்தைக்கும் வரலாம்.

2014 முதல் 2016 வரை இந்திய அரசு நாடு முழுவதும் எடுத்த கணக்கில், புதிதாக நோய் வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கும், ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேருக்கும் இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் அடங்காத கிருமி இருந்தது. பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 3க்கும் 12க்கும் உள்ள தூரமே சாட்சி.

மருந்துக் கடையில் இருமலுக்கென்று ‘ஃப்ளாக்சசின்’ என்று முடிகிற மாத்திரைகளை நாமாக வாங்குவதையும் விட்டுவிடுங்கள். அதே வகை மருந்துதான் முரட்டுக் காச நோய்க்குப் பயன்படுகிறது. அது டி.பி.யைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், கிருமிக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கும்.

முரட்டுக் கிருமி என்றால் முடிவுதானா?

இல்லை, இல்லை! பயந்து ஓடிப் போகாதீர்கள். முன்பெல்லாம் கிருமியை வளர்த்துப் பார்க்கவே இரண்டு மாதம் ஆகும். இப்போது சி.பி.நாட், ட்ரூநாட் என்ற பரிசோதனைகளில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். மருந்து தொடங்கும்போதே இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை மருந்து சாப்பிட்டு மறுபடி வந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

மருந்திலும் முன்னேற்றம். பெடாகுவிலின் என்ற புது மருந்து 2016இல் நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வந்தது. அதோடு மூன்று மருந்து சேர்த்து, ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முரட்டுக் காச நோயைக் குணப்படுத்தும் முறையை 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் இது பொருந்தாது, டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஐசோனியாசிட்டையும் ரிஃபாம்பிசினையும் அரைகுறையாகச் சாப்பிட்டு வீணாக்கியது போல இந்தப் புது மருந்துகளையும் வீணாக்கினால், அடுத்தது எங்கிருந்து வரும்?

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. மாத்திரைக்கு ஒரு நேரம், ஒரு இடம். பல் துலக்கியதும் என்று வைத்துக்கொள்ளலாம். சுவர்க் காலண்டரில் பால் கணக்கு எழுதுவது போலத் தினம் ஒரு கோடு போடுங்கள். ஒரு வேளை தவறினால் அன்றைக்கே ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது.

2. வீட்டில் ஒருவர் பொறுப்பு. கணவருக்கு என்றால் மனைவி. மனைவிக்கு என்றால் கணவர் அல்லது மாமியார். பள்ளிக்கூடம் போகிற பெண்ணைக் கேட்டுக்கொண்டால்கூட அழகாகச் செய்வாள்.

3. குமட்டல், மூட்டு வலி வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது என்றால் அன்றைக்கே போய்விடுங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை அவர் சொல்வார்.

4. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற சகோதரிகள் கவனியுங்கள். ரிஃபாம்பிசின் அதன் வலுவைக் குறைத்துவிடும். வேறு முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் காச நோய் மருந்தை விடக் கூடாது, டாக்டரிடம் கர்ப்பம் என்று சொல்லிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

5. தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி மனசைப் புண்படுத்தாதீர்கள். பாத்திரத்தில் இந்த நோய் ஒட்டாது. காற்றில்தான் பரவும். இருமும்போது முந்தானையாலோ துணியாலோ வாயை மூடச் சொல்லுங்கள். பாவு ஆடுகிறதென்று ஜன்னலைச் சாத்துகிற தறி வீடுகளில், தறி நிற்கிற நேரத்திலாவது ஜன்னல் கதவைத் திறந்து வையுங்கள். வெயிலும் காற்றும் காசில்லாத மருந்து.

6. வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்துவிடுங்கள். நோய் வராமல் தடுக்கவும் மருந்து உண்டு.

7. சாப்பாடு. உணவு மட்டும் காச நோயைக் குணப்படுத்தாது. ஆனால் உணவில்லாமல் மருந்துக்கும் கஷ்டம். ஜார்க்கண்டில் 2019 முதல் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி 2023இல் வெளிவந்தது. அந்தக் குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் வருவது நூற்றுக்கு 40 அளவுக்குக் குறைந்திருந்தது! முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, துவரம் பருப்பு இதெல்லாம் நம் சமையலறையில் இருப்பதுதானே? சாப்பாட்டுக்கென்று அரசாங்கம் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் 2018 முதல் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ரூபாய் ஆக்கியிருக்கிறது. பதிவு செய்து கேட்டு வாங்குங்கள். அந்தப் பணத்தில் வாங்குகிற முட்டையை, நோயாளியான அவளே மற்றவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசம் சோறு சாப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. மிகவும் மெலிந்துபோய், பிடிக்காமல் எழுந்து நிற்க முடியாதவர்களையும், மூச்சு வாங்குகிறவர்களையும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துக் காப்பாற்றத்தான் நம் மாநிலத்தில் 2022இல் காச நோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கினார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். “நிறுத்தலாமா?” என்று உங்களைக் கேட்க வைத்ததே உங்கள் நாத்தனாரின் மேல் உள்ள அக்கறைதான். அந்த அக்கறையோடு இன்னும் நான்கு மாதம் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். ஆறாவது மாதம் சளிப் பரிசோதனை முடிந்து “கிருமி இல்லை” என்று டாக்டர் சொன்னதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இந்தப் பகுதியில் எல்லோருக்கும் சொல்லிச் சந்தோஷப்படலாம்.

காது கேளாமை, ஊசிக்கு நஷ்ட ஈடு போன்றவற்றைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். அடுத்த இதழில், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஏன் காச நோய் சுலபமாக வருகிறது, அவர்கள் கேழ்வரகுக் கூழை எப்படிச் சாப்பிடலாம் என்று பார்ப்போம்.